சிலைக்குக் கேட்ட கை

அன்புள்ள மகனுக்கு,

உன் படவேலைக்காக நீ ஏதென்ஸுக்குப் புறப்படும் நாள் நெருங்கிவிட்டது. மிளகாய்த்தூளை எத்தனை உறைகளுக்குள் வைத்துக் கட்டினால் மணம் உன் உடுப்புகளில் ஏறாது என்று உன் அம்மா ஆராய்ந்துகொண்டிருக்கிறார். நான் எனக்குப் பழக்கமான வேலையைச் செய்கிறேன், எழுதுகிறேன். நம் சங்கத்தின் ஆண்டுமலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். குடிவரவுச் சட்டத்தில் வந்திருக்கும் மாற்றங்களைப் பற்றி, வழக்கம்போல் யாரும் இறுதிவரை வாசிக்காத ஒன்றை எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியதைப் பிறர் முன்னிலையில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உன் வேலையைப் பற்றிப் பிறர் முன்னிலையில் நான் சில தவறான கருத்துகளைக் கூறியிருக்கிறேன். திருத்தமும் அதே சபையில் வருவதே முறை.

இதில் உன் நேசன் மாமாவின் கையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஆகையால் முதலில் அவரிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றி எழுதட்டுமா என்றும் கேட்டேன். “பேரை மாத்திப்போட்டு, மோர்டனில மினிகாப் ஒஃபிஸ் வைச்சிருக்கிற ஒற்றைக்கைக்காரர் எண்டு எழுதினா, ஆருக்கு அத்தான் தெரியாமப் போகும்? பேரைப் போடுங்கோ. வயசை மட்டும் போடாதேங்கோ” என்றார். அவ்வாறே செய்கிறேன். வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: நேசன் உன் அம்மாவின் தம்பி, வாடகைக் கார் அலுவலகம் நடத்துபவர். யுத்த காலத்தில் எறிகணை விழுந்து, வலது கையை முழங்கைக்கு மேலே இழந்த பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்.

நீ என்ன செய்கிறாய் என்பதை நான் உண்மையில் விளங்கிக்கொண்டது, நகரத்து நூதனசாலைக்கு நீ என்னை அழைத்துச் சென்ற ஒரு மழைநாளில்தான். அதுவரை யாரேனும் கேட்டால், “பழைய சிலைகளைப் படம் எடுக்கிறான்” என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். அன்று பண்டைய கிரேக்கத்து இளைஞன் ஒருவனின் சலவைக்கல் உருவத்தின் முன் என்னை நிறுத்தினாய். தலை இருந்தது, மூக்கின் நுனி இல்லை. நெஞ்சும் இடுப்பும் கால்களும் இருந்தன, இரண்டு கைகளும் இல்லை. இந்தச் சிலையை ஒரு படம் எடுத்து, அதன்மேல் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பிறகு உயிரோடிருக்கும் ஒருவரின் கையை அதே வெளிச்சத்தில், அதே உயரத்திலிருந்து எடுத்து, இரண்டையும் ஒரே படமாக்குவாய் என்று விளக்கினாய். சேர்த்த இடத்தை மறைக்கமாட்டாயாம். கல் கல்லாகவே இருக்கும். தோல் தோலாகவே இருக்கும். நம்மவர்களின் பழுப்பு நிறக் கைகள் அந்த வெள்ளைத் தோள்களிலிருந்து புறப்படும்.

“அந்தக் கை மேல இருந்ததோ கீழ இருந்ததோ எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?” என்று நான் கேட்டேன்.

“தோள் சொல்லுது, அப்பா. தசை எந்தப் பக்கம் இழுபட்டிருக்கு எண்டு பாருங்கோ.”

“அது அபிப்பிராயம். சான்று இல்லை.”

“சரி, அப்ப இடுப்பைப் பாருங்கோ.”

சிலையின் இடது இடுப்பில், காசளவில் ஒரு சிறு மேடு முறிந்திருந்தது. நீட்டிய கல் தன் பாரத்தாலேயே உடைந்துவிடாதபடி சிற்பிகள் கையை உடலோடு ஓரிடத்தில் இணைத்துவிடுவார்கள் என்றும், இது அந்த இணைப்பின் மிச்சம் என்றும் சொன்னாய். எனவே இடது கை இடுப்பருகே இருந்திருக்கிறது. நான் குனிந்து பார்த்தேன். காவலாளி என்னைப் பார்த்தார். நல்ல சான்றுதான் என்று ஒப்புக்கொண்டேன். வலது கையைப் பற்றிக் கேட்டபோது நீ தோளைக் குலுக்கினாய். “தெரியாது. அந்தப் பக்கம் ஒரு தடயமும் இல்லை” என்றாய். முற்காலத்தில் இத்தகைய சிலைகளுக்குப் புதிதாக மூக்கும் கையும் செதுக்கி ஒட்டினார்கள் என்பதையும், ஒட்டுவதற்கு வசதியாகச் சில சமயம் உடைந்த விளிம்பையே சீவி மட்டமாக்கினார்கள் என்பதையும், பின்வந்தவர்கள் ஒட்டியதைக் கழற்றியபோது பழைய முறிவும் போய்விட்டிருந்தது என்பதையும் நீதான் எனக்குச் சொன்னாய். நீ கல்லைத் தொடுவதில்லை. உன் ஊகம் பிழையென்று நாளை தெரியவந்தால், கெடுவது ஒரு படம் மட்டுமே. பிழையென்றால் மீளப்பெறக்கூடிய எதன்மீதும் சட்டத்தரணியான எனக்கொரு தனிப் பிரியம் உண்டு என்பதை நீ அறிவாய். அன்று வீடு திரும்பும்போது, சட்டம் படிக்காத என் மகன் சட்டம் படித்தவனைப்போல் யோசிக்கிறான் என்று உள்ளூர மகிழ்ந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகு நம் வீட்டின் பின்னறை உன் படப்பிடிப்புக் கூடமாயிற்று. நோர்பரியில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் தங்கம் அன்ரி, ஒரு தேவதைக்குக் கை கொடுக்க வந்த பிற்பகலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவருடைய காப்பு கழறவில்லை. சவர்க்காரம் போட்டும் கழறவில்லை. “பரவாயில்லை அன்ரி, காப்போடயே எடுப்பம்” என்றாய். “கிரேக்கத்துப் பொம்பிளை காப்புப் போட்டிருப்பாளோ, தம்பி?” என்று அவர் கேட்டார். போட்டிருக்கக்கூடும் என்று நீ தயங்கிச் சொன்னதும், “அப்ப தாலிக்கொடியையும் கழற்றித் தரட்டே? கழுத்து வெறுமையாக் கிடக்குது, பாவம்” என்றார். உன் அம்மா சிரித்துக்கொண்டே தேநீரைச் சிந்திவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள்; தங்கள் கையையோ காதையோ முதல் தடவையாகப் பார்த்தவர்களைப்போல.

ஆனால் உடைந்த உடல்களையும் புகைப்படங்களையும் நான் வேறு வழியாக அறிந்தவன். என் தொழில் வாழ்வின் பெரும்பகுதி, புகலிடம் கோரி வந்தவர்களின் சார்பில் வாதிடுவதில் கழிந்தது. ஒருவர் சித்திரவதைக்கு உள்ளானார் என்று சொல்வது போதாது. தழும்பு காட்டப்பட வேண்டும். வெள்ளைச் சுவரின் முன்னால் சட்டையைக் கழற்றி நிறுத்தி, தழும்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அளவுகோலைப் பிடித்துப் படம் எடுப்பார்கள். முகம் தேவையில்லை; பெரும்பாலும் அது சட்டகத்துக்கு வெளியே விடப்படும். எடுத்தவற்றில் எந்தப் படத்தில் காயம் மிக மோசமாகத் தெரிகிறதோ அதை நான் தெரிவு செய்வேன். அதுவே என் கட்சிக்காரருக்கு நன்மை. நேசனின் வழக்கை, உறவினர் என்பதால், நான் நடத்தவில்லை. நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். ஆனால் படம் எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். நாலு கோணங்களில் அந்த மிச்சக் கையை எடுத்தார்கள். அவர்கள் சொன்ன பக்கமெல்லாம் அவர் திரும்பித் திரும்பி நின்றார். வெளியே வந்து குரோய்டன் தெருவில் நடக்கும்போது, “என்னைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கச் சொல்லேல்லை அத்தான்” என்று பகிடி விட்டார். அந்த வழக்கு வெற்றி பெற்றது. அந்தப் படங்களுக்கு அதில் பங்கு உண்டு. அதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆயினும் அதன் பின் நேசன் எந்தக் கமராவுக்கும் முன்னால் மனமுவந்து நின்று நான் கண்டதில்லை.

ஆகவே சென்ற மாதம் உன் அம்மா சமையலறையிலிருந்து, “இஞ்சருங்கோ, எங்கட பிள்ளை நேசனைப் படம் எடுத்திட்டானாம். அந்தக் கையில்லாத பெடியன்ர சிலைக்காம்” என்று சொன்னபோது, எனக்கு மேலதிக விபரம் எதுவும் தேவைப்படவில்லை. வலது பக்கத்துக்குத் தடயமில்லாத சிலை. வலது கை இல்லாத மாமா. முறிவுக்கு முறிவைக் கண்டுபிடித்துவிட்டான் என்று முடிவு செய்தேன். வெள்ளைச் சுவர், அளவுகோல், வெட்டப்பட்ட முகம் எல்லாம் மறுபடியும். இம்முறை நீதிமன்றத்துக்காக அல்ல, உன் கண்காட்சி மண்டபத்தில் வைன் கிளாஸோடு நின்று பார்ப்பவர்களுக்காக. உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“மாமாவின்ர காயம் உன்ர கலைக்குச் சாமான் இல்லை” என்றேன்.

நீயோ, “நீங்கள் படத்தைப் பாத்தனீங்களோ, அப்பா?” என்று கேட்டாய்.

“பாக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்.”

“அப்ப எக்சிபிஷனுக்கும் வரத் தேவையில்லை” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

மரியாதை தவறாமல்தான் சொன்னாய். ஆயினும் நம் இருவருக்குமிடையே அவ்வளவு குளிர்ந்த வார்த்தை அதற்கு முன் வந்ததில்லை. நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சங்கத்து நண்பர்களிடமும் உன் படத்தைக் குறை சொன்னேன். அந்தச் சனிக்கிழமை, உனக்குச் சொல்லாமல் மோர்டனுக்குப் போனேன். நேசன் அலுவலகத்தில் தனியே இருந்தார். அவரிடம், குடும்பத்து மூத்தவனாக அல்ல, சட்டத்தரணியாகவே பேசினேன்: கொடுத்த சம்மதத்தை, படம் காட்சிக்கு வரும்வரை மீளப்பெறலாம், காரணம் கூறவேண்டியதில்லை, மருமகன் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, வேண்டுமானால் அதை நானே உன்னிடம் தெரிவிப்பேன். அவர் முழுவதையும் கேட்டார். முதலில் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பிறகு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

“அத்தான், நீங்களும் அதைத்தானே நினைச்சனீங்கள்” என்றார்.

அவ்வளவுதான். எழுந்து கேத்திலைப் போட்டார். தொலைபேசி அடித்தது, யாருக்கோ கார் அனுப்பினார். நான் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அவர் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் தெளிவாகக் கேட்டேன். அது உன்மீது என்று எண்ணினேன். அடுத்து வந்த நாட்கள் எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. பிள்ளை இல்லாத நேசன் உன்னைத் தன் பிள்ளையாகவே கருதிவந்தவர். நீ அவரைப் புண்படுத்திவிட்டாய், நான் அதைப் பேசிப் பெரிதாக்கிவிட்டேன், இனி அவர் நம் வீட்டுக்கு வருவது குறையும், நீயும் கோபத்தோடு நாட்டைவிட்டுப் போவாய் என்று வரிசையாக நினைத்துக்கொண்டேன். உன் அம்மாவிடம் கேட்டபோது, “நீங்கள் ரெண்டு பேரிட்டயும் கேட்டிருக்கலாம். உங்களுக்கு வாதாடத்தானே தெரியும்” என்றார்.

அழைப்பில்லாமலே உன் அம்மாவோடு கண்காட்சித் திறப்புக்கு வந்தேன். குரோய்டனில் ட்ராம் திரும்பும் வளைவுக்கு அருகே, முன்பு கம்பளக் கடையாக இருந்த அந்த மண்டபம். நேசன் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். வலது கைப்பகுதியை மடித்து ஊசி குத்திய கோட்டு, புதிதாக வெட்டிய தலைமயிர். தங்கம் அன்ரியின் தேவதையை, காப்புப் போட்ட கையோடு நின்றவளை, கடந்து போனோம். உள்சுவரில் அந்த இளைஞன் நின்றான்.

அவனுடைய வலது பக்கத்தை நீ தொட்டிருக்கவேயில்லை. கல் முறிந்தபடியே, நூதனசாலையில் நான் கண்டபடியே இருந்தது. இடது தோளிலிருந்து, பழுப்பு நிறத்தில், ஓர் உயிருள்ள கை இறங்கி இடுப்பில் ஊன்றியிருந்தது. மணிக்கட்டு அந்தச் சிறு முறிவின்மேல் மிகச் சரியாகப் படிந்திருந்தது. இரண்டு கைகளின் வேலையைத் தனித்துச் செய்து தடித்த கை, நரம்புகள் தெரிந்தன, பேனா பிடித்துக் காய்த்த விரல் தெரிந்தது. அந்தக் கை வந்த பிறகு இளைஞனின் குணமே மாறிவிட்டிருந்தது. கையில்லாமல் நின்றபோது அவன் பரிதாபத்துக்குரியவனாக இருந்தான். இப்போது, ‘இன்னும் எவ்வளவு நேரம் நிக்கிறது?’ என்று கேட்பவனைப்போல், கொஞ்சம் திமிரோடு, இடுப்பில் கை வைத்து நின்றான். தாமதமாக வரும் சாரதிகளை வாசலில் நின்று பார்க்கும் நேசனை நீ கண்டிருக்கிறாய். அதே நிலை. மிச்சக் கை எங்கும் இல்லை. நீ அதைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நேசன் என் பக்கத்தில் வந்து நின்றார். “வலது பக்கத்துக்குச் சாட்சி இல்லையாம் அத்தான். அதால வைக்கமாட்டன் எண்டிட்டான் மருமகன். உங்கட பிள்ளைதான், சந்தேகமில்லை.”

“அண்டைக்கு ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் வெளிக்கிட்டனான். பிறகு, நீங்களும் அந்தக் கையைத்தான் பாக்கிறியள் எண்டு விளங்கினோடன கோவம் வந்திட்டுது. வந்து பாத்துத் தெரிஞ்சுகொள்ளட்டும் எண்டு விட்டிட்டன்.” சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் என்னைப் படம் எடுத்த ஆக்கள் எல்லாரும் இல்லாத கையைத்தான் எடுத்தவை. இவன் வந்து, ‘மாமா, உங்கட கை வேணும்’ எண்டான். எந்தக் கையடா எண்டு கேட்டன். இடது கையாம். நம்பாமத் திருப்பியும் கேட்டனான்.”

அந்த மாலையில் நடந்த இன்னொன்றை நீ காணவில்லை. நீ அப்போது வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாய். ஊன்றுகோலோடு வந்த வயதான ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அந்தப் படத்தின் முன் நீண்ட நேரம் நின்றார். பிறகு திரும்பி, நேசனின் கையைக் கவனித்து, மறுபடி படத்தைப் பார்த்து, “அது உங்களுடையதா?” என்று கேட்டார். “ஓம், இரவல் குடுத்திருக்கிறன்” என்று நேசன் தன் ஆங்கிலத்தில் சொன்னார். முதன்முறை அவரைச் சந்திப்பவர்கள் வலது கையை நீட்டிவிட்டு, பிறகு கண்டுகொண்டு, சங்கடப்பட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுவார்கள். நேசன் ஏதாவது பகிடி சொல்லி அவர்களைக் காப்பாற்றுவார். அந்தப் பெண்மணியோ ஊன்றுகோலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, எந்தத் தயக்கமும் இன்றி இடது கையை நீட்டினார். நேசன் அதைப் பற்றிக் குலுக்கினார். காப்பாற்ற வேண்டியவர் யாரும் அங்கே இல்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பி என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

நீ பிறகு என்னிடம் வந்து, “சாப்பிட்டனீங்களோ, அப்பா? அம்மா கட்லட் கொண்டுவந்தவா” என்று மட்டும் கேட்டாய். நான் ஓம் என்றேன். அது பொய்; இனித்தான் சாப்பிட வேண்டியிருந்தது. ஆனால் உன் குரலில் பழைய சூடு திரும்பியிருந்ததால் வேறு எதையும் சொல்லிக் கெடுக்க நான் விரும்பவில்லை. பல நாட்களாக இருந்த என் மனப்பாரம் இறங்கியது. நேசனை யாரும் புண்படுத்தவில்லை. புண்படுத்தியவர் யாரேனும் இருந்தால் அது நான், அவரும் அதை ஒரு தேநீரோடு மன்னித்துவிட்டார். நீ கோபத்தோடு போகவில்லை.

ஒரு தந்தை புறப்படும் மகனுக்குப் புத்திமதி சொல்வது வழக்கம். என்னிடம் அதிகமில்லை. அங்கும் மனிதர்களிடம் போய் அவர்களுடைய கைகளையும் முகங்களையும் கேட்பாய். இங்கு கேட்டதைப் போலவே கேள். ஒருவரிடம் இல்லாததைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரியும், அதை நினைவூட்ட நீ தேவையில்லை. தெரியாத பக்கத்தை வெறுமையாக விடும் துணிவை யார் புகழ்ந்தாலும் பழித்தாலும் இழந்துவிடாதே. வெயிலில் தொப்பி போடு. அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது முகம் தெரியப் பேசு.

எனக்கும் ஒரு புத்திமதி தேவைப்பட்டது. அதை நேசனிடமிருந்து பெற்றுக்கொண்டேன். பாதிக்கப்பட்டவர் அவர். நியாயமாகப் பார்த்தால் அவருக்குத்தான் உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவரோ, எந்தக் கையடா என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் பிறரிடம் கேள்வி கேட்டே பிழைத்த நான் அதைக் கேட்கவில்லை. என்றாவது ஒரு நாள் உன் கமராவோடு வந்து என்னிடமும் ஏதாவது வேண்டுமென்று கேட்பாய் என்று நம்புகிறேன். எது வேண்டும் என்பதை நீயே சொல். நீ சொல்லி முடிக்கும்வரை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா